பட்டாளத்தானுக்குத் தொப்பை

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க முடிவெட்டும் மெஷினுக்கான கையேடு. "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பதை இந்த வருஷத்தில் பதினோராவது முறையாகத் தமிழாக்கினேன். கையேடு மொழிபெயர்ப்பவன் பிழைப்பு இதுதான். அச்சாவது லட்சம் பிரதி, வாசகர் பூஜ்யம்.

லேப்டாப்பின் டச்பேடு சரியாக அழுந்தவில்லை. வலது ஓரம் கல் மாதிரி நிற்கிறது. தூசியாக இருக்கும் என்று ஊதினேன். பிஸ்கட் தூள் பறந்தது, டச்பேடு அசையவில்லை.

"பழசாயிடுச்சு," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"அதைத்தான் சொன்னேன்."

பட்டாளத்தானை அப்படிப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. ராணுவச் சோதனையில் தேறியது என்று லேப்டாப் பெட்டியில் போட்டிருந்ததால் அந்தப் பெயர். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவனுக்கு, வீட்டில் ஒருத்தராவது ராணுவத்தில் தேறியதில் ஒரு பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் ஒற்றை விரலால் மூடியைத் திறந்து காட்டுவேன். நடுவில் அமுக்கிக் காட்டுவேன். "பாத்தீங்களா, ஒரு வளைவு இல்ல!" ஒரு வருஷம் ஆனதும் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு நீளமாக ஒரு மதிப்புரை எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் பேர் "பயனுள்ளது" என்று அமுக்கினார்கள். நான் எழுதியதில் மனிதர்கள் படித்தது அது ஒன்றுதான்.

சொந்தத்திலும் பழக்கத்திலும் ஐந்து பேர் என் பேச்சைக் கேட்டு இதே மாடல் வாங்கினார்கள். ஐந்தாவது, அக்கா மகள்.

மார்ச் 5, வியாழன்

மேஜை ஆடுகிறது. காலுக்கு அட்டை மடித்து வைத்தேன், தச்சரைத் திட்டினேன். சாப்பாட்டு மேஜைக்கு மாறினேன். அதுவும் ஆடுகிறது. ஒரே வாரத்தில் இரண்டு மேஜைக்கும் வாதமா?

மார்ச் 6, வெள்ளி

தரையில் வைத்துப் பார்த்தேன். தரையும் ஆடுகிறது.

மார்ச் 9, திங்கள்

நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வேலை செய்வதால் கடைத்தெரு ரிப்பேர்காரருக்கு நான் வைத்த பெயர் சர்ஜன். பட்டாளத்தானைக் குப்புறப் போட்டார். மொத்தம் பத்து ஸ்குரூ. ஒன்பதாவதைக் கழற்றும்போதே அடி மூடி தானாக எழுந்தது. விருந்துக்குப் பிறகு பேன்ட் பொத்தானைக் கழற்றினால் வயிறு ஒரு பெருமூச்சோடு வெளியே வருமே, அப்படி.

உள்ளே மூன்று கறுப்புப் பைகள். தட்டையாக இருக்க வேண்டியவை. குட்டித் தலையணைகளாகப் புடைத்திருந்தன.

"என்ன சார், பட்டாளம்னீங்க. தொப்பை போட்டிருக்காரே!"

நானும் சிரித்தேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"எப்பவும் சார்ஜர்லயே இருக்குமா?"

"ஆமா."

"பாதி அதனால. பாதி, இந்த மாடலே இப்படித்தான். இந்த வருஷம் எனக்கே இது நாலாவது. பார்க்கத்தான் சார் சாது. அழுத்தினாலோ குத்துப்பட்டாலோ குப்புனு புடிச்சிக்கும்." பிளாஸ்டிக் கரண்டியால் ஒவ்வொரு பையாக, தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போல எடுத்தார். "உங்க ஆளுங்க யார்கிட்டயாவது இதே மாடல் இருக்கா? இருந்தா உடனே பாக்கச் சொல்லுங்க."

"இல்ல," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்து பழைய கோப்புகளைத் தேடினேன். "பேட்டரி வீங்கினால் உடனே பயன்பாட்டை நிறுத்தவும். அழுத்தவோ துளைக்கவோ கூடாது." முப்பது கையேட்டில் இருக்கிறது, எல்லாம் என் தமிழ். அந்தத் தமிழை எழுதிய கைதான் ஆறு நாளாக டச்பேடைக் கட்டைவிரலால் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஐந்து பேருக்கும் ஒரே செய்தியாக அனுப்பலாம் என்று எழுதினேன். "அன்புடையீர், வழக்கமான பராமரிப்பு நடவடிக்கையாக..." அழித்தேன். "சும்மா ஒரு விஷயம்..." அழித்தேன். முப்பது வருஷம் எச்சரிக்கை எழுதிய கைக்கு ஓர் எச்சரிக்கை எழுத வரவில்லை.

சிக்கல் மற்ற நான்கு பேர் இல்லை. அக்கா மகள்தான். அவள் கூட இல்லை — அவள் அப்பா, என் அத்தான்.

அவர் மகளுக்காக வேறொரு லேப்டாப்பைப் பார்த்து வைத்திருந்தார். நான்தான் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து, அவர் தட்டை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் பட்டாளத்தானை வைத்து இரண்டு மணிநேரம் பிரசங்கம் செய்தேன். கடைசியில் மூடி மேல் உட்கார்ந்தே காட்டினேன். அத்தான் என் உடம்பையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி மாப்ளே, உன் எடையைத் தாங்கிட்டா எதையும் தாங்கும்," என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கிளம்பும்போது வாசலில் அவர் சொன்னது மட்டும் சிரிப்பில்லை: "ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

அந்த மனுஷன் இருபத்தாறு வருஷமாக நான் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்வேனா என்று காத்திருக்கிறார். இது என் கணிப்பு.

மார்ச் 12, வியாழன்

அக்கா மகளுக்குப் போன் செய்தேன். ஆற்று மணல் எங்கே போய்ச் சேருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். 27ஆம் தேதி ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

"கடைசிக் கணக்கு ஓடிட்டிருக்கு மாமா. பதினாறு நாளா லேப்டாப்பை அணைக்கவே இல்ல. நடுவுல நிறுத்தினா முதல்லேர்ந்து போடணும்."

"சார்ஜர்?"

"மாட்டியேதான் இருக்கு."

"டச்பேடு எல்லாம் நல்லா அழுந்துதா?"

பதில் வர ஒரு நொடி ஆயிற்று.

"நல்லா இருக்கு மாமா. நீங்க வாங்கச் சொன்னதாச்சே!"

நல்லா இருக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். சர்ஜன் சொன்னதைச் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துவானேன்? பதினைந்து நாள். ஒப்படைக்கட்டும். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஒரு நொடி எதற்கு?

மார்ச் 14, சனி

பட்டாளத்தான் புது பேட்டரியோடு வீடு திரும்பினான். மேஜை ஆடவில்லை.

மாட்டிக்கொண்டேன். நான் குளிக்கும்போது சர்ஜன் போன் செய்து, பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்.

"அவளுக்குச் சொன்னீங்களா?"

"கேட்டேன். நல்லா இருக்குன்னா."

"கேக்கறது வேற, சொல்றது வேற."

"பாவம், பரீட்சை நேரம் மாதிரி. இப்பப் போயி..."

"அவ பரீட்சைக்காகவா சொல்லாம இருக்கீங்க?"

துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஈரம் காலில் சொட்டியது. சட்டை இல்லாமல் பொய் சொல்வது கஷ்டம்.

உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மாலையிலும் எடுக்கவில்லை. "சார்ஜரைக் கழற்று, உடனே கூப்பிடு" என்று செய்தி அனுப்பினேன். பார்த்ததாகவே தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு — பஸ்ஸில்

காலையில் நான்கு தடவை. எடுக்கவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு, "எழுதறப்ப போனை அணைச்சுப் போட்டுடுவா, உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். அப்படித்தான் இருக்கும்.

இரண்டரை மணிநேரப் பயணம். பட்டாளத்தான் மடியில். கை பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அடியைத் தடவுகிறது. பக்கத்து சீட் அம்மாள் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

திங்களிலிருந்து இன்று வரை ஆறு நாள். அவள் தூங்கும் அறையில் அது ஓடுகிறது. ஆறு நாள்!

எதிரே ஒரு தீயணைப்பு வண்டி. அது வேறு பக்கம் போகிறது. வேறு பக்கம்தான்.

அதே நாள், மாலை — லாட்ஜில்

பஸ் இறங்கி நேராக அக்கா மகள் அறைக்குப் போனேன்.

கதவைத் திறந்தாள். தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். "மாமா? யாருக்கு என்ன ஆச்சு?"

நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். கட்டிலை ஒட்டி மேஜை. மேஜை மேல் பட்டாளத்தானின் தம்பி. விசைப்பலகையின் இரண்டு ஓரத்திலும் செங்கல் கனத்தில் இரண்டு புத்தகங்கள். பக்கத்தில் ஒரு மௌஸ்.

"இது எதுக்கு?"

"மேல தூக்கிட்டு வருது மாமா. அதான் படியட்டும்னு வெயிட்."

"எப்பலேர்ந்து?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஜனவரி."

"ஜனவரியா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பாக்கறவங்ககிட்ட எல்லாம் அதைப் பெத்த புள்ள மாதிரி காட்டுறீங்க. போன் பண்ணா என்னை நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு முன்னாடி அது நல்லா இருக்கான்னு கேக்குறீங்க!"

ஓரத்தைத் தொட்டேன். சுட்டது. சர்ஜனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "முதல்ல அணைங்க சார். சார்ஜரைக் கழட்டுங்க. புத்தகத்தைச் சரிச்சு இழுக்காதீங்க, நேரா மேல தூக்குங்க. துணி, காகிதம் எதுவும் இல்லாத இடத்துல தரையில தனியா வைங்க. நாளைக்கு அங்கேயே ஒரு ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க. பஸ்ஸுல ஏத்திடாதீங்க."

"அணைக்கறதா?" என்றாள். "இன்னும் ரெண்டே நாள் மாமா. செவ்வாய்க்கிழமை காலைல முடிஞ்சிடும். நான் தூங்காம பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன். மூணு மாசமா தாங்கினது ரெண்டு நாள் தாங்காதா?"

நானே அணைத்திருக்கலாம். கை போனது. ஆனால் சொல்லாமல் அணைப்பது இன்னொரு பொய் என்று தோன்றியது.

"எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்," என்றேன். "என்னுது வீங்கிப்போச்சு. உன்னுதும் வீங்கலாம், தீப்பிடிக்கலாம்னு அன்னைக்கே சொன்னாங்க. வியாழக்கிழமை போன்ல அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சொல்லல."

"ஏன்?"

"உங்க அப்பா சிரிப்பாருன்னு."

அவள் கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பத்தொன்பது நாள் கணக்கு. பவர் பட்டனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது.

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா," என்றாள், "அன்னைக்கே புதுசா ஆரம்பிச்சிருப்பேன்."

பால்கனித் தரையில் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு மணிநேரம் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தோம்.

அங்கிருந்தே அத்தானுக்குப் போன் செய்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜனவரியிலயே சொன்னா மாப்ளே," என்றார். "பட்டன் அழுந்தலன்னா. ஒரு மௌஸ் வாங்கிக்கோ, மாமாகிட்ட மூச்சு விடாதேன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா? ஏன் அத்தான்?"

"நீ மனசு உடைஞ்சு போவேடா. அதைப் பத்திப் பேசறப்ப உன் மூஞ்சியை நீ பாத்ததில்ல."

மார்ச் 16, திங்கள்

உள்ளூர் ரிப்பேர்காரர் வந்து பேட்டரியை எடுத்தார். ஓரத்துப் பையில் புத்தகத்தின் மூலை பதிந்த பள்ளம், நகம் அளவு. அதைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்திருந்தா..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளே சர்க்யூட் பலகையும் வளைந்துவிட்டது, அது இனி உதவாது. என்னுடையதை அவள் மேஜையில் வைத்தேன்.

"இதுவும் அதேதானே?" என்றாள்.

"புது பேட்டரி."

"யாரு சொன்னா? நீங்களா?"

சர்ஜனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவளே பேசிக்கொண்டாள். மேலே புத்தகம் எதுவும் வைக்காமல், கட்டிலை விட்டுத் தள்ளி மேஜையை இழுத்துப் போட்டு, கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய பேராசிரியர் இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

மார்ச் 18, புதன்

மற்ற நால்வரிடமும் பேசினேன், செய்தி இல்லை, வாயால். மனைவியின் தம்பியுடையது வீங்க ஆரம்பித்திருக்கிறது. நிறுத்திவிட்டான். மாடி வீட்டுக்காரர் இன்றே காட்டுகிறேன் என்றார். பல் டாக்டருடையது போன வருஷமே செத்துவிட்டதாம், நான் போகும்போது மட்டும் மேஜையில் எடுத்து வைப்பாராம்! அலுவலகத்தில் நாங்கள் கமா மேடம் என்று கூப்பிடும் பிழை திருத்துபவர்: "மூடியோட கீல் அக்டோபர்லயே விட்டுப்போச்சு. டீ குடிக்க வரும்போதெல்லாம் 'எப்படி இருக்கு?'ன்னு கேப்பீங்க. சூப்பர்னு சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

ஐந்தில் மூன்று பேர் வாயை நானே தைத்து வைத்திருக்கிறேன். ஒரு கையேடுகூட இத்தனை பேரை இவ்வளவு அமைதியாக வைத்ததில்லை.

மதிப்புரையைத் திருத்தினேன். ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கி, நடந்ததை எட்டு வரியில் எழுதினேன். இதுவரை "பயனுள்ளது" என்று அமுக்கியவர் மூன்று பேர்.

மார்ச் 22, ஞாயிறு

அத்தான் அவளைப் பார்க்கப் போய், மணிக்கு ஒரு முறை லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தாராம். அவள் விரட்டிவிட்டாளாம். அக்கா சொன்னாள். மகள் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பேசவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கணக்கு முடிந்ததாம். இதுவும் அக்கா மூலம்.

ஏப்ரல் 11, சனி

ஆய்வேட்டை நேற்று ஒப்படைத்துவிட்டாள். தவணையின் கடைசி நாள்.

இன்று காலை அலுவலகத்தின் பழைய டெஸ்க்டாப்பில் மிக்ஸி கையேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள்தான்.

"மாமா, உங்க லேப்டாப் சகிக்கல."

"என்ன ஆச்சு?" எழுந்தே விட்டேன்.

"மின்விசிறி மாவு மெஷின் மாதிரி கத்துது. 'க' அடிச்சா ரெண்டு விழுது, ஆய்வேடு பூரா அதைத் தேடித் தேடி எடுத்தேன். ஸ்பீக்கர்ல ஒரு பக்கம் ஊமை. கேமராவுல நான் பேய் மாதிரி தெரியறேன். வைஃபை அதுக்கு இஷ்டம் இருந்தா வரும்..."

"இரு, இரு. பேனா எடுத்துக்கறேன்."

"இன்னும் இருக்கு."

"சொல்லும்மா. மெதுவா சொல்லு."

இருபது நிமிஷம் சொன்னாள். மிக்ஸி கையேட்டின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. மொத்தம் பதினொன்று.