அப்பெனிசாவின் கட்டில் சட்டங்கள்

பண்ணை விடுதி, குயின்ஸ்லாந்து, புதன் காலை

அன்புள்ள லிட்டியாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

தேவாலயத்தில் வாசிக்கும்போது என் கிட்டார் பெடல்கள், காலால் அமுக்கி ஒலியை மாற்றும் பெட்டிகள், தரையில் நகர்ந்து வயர் கழன்றுவிடும். அவற்றைப் பொருத்த ஒரு பலகை செய்தேன். நான்கு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தால் வயர் அடியில் ஓடும். அறைத்தோழன் அப்பெனிசா முதுகுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் கட்டிலின் நடுச்சட்டங்களைக் கழற்றிக்கொண்டேன். அவன் வருவதற்குள் வேறு போடலாம் என்று நினைத்தேன்.

சீக்கிரமே வந்துவிட்டான். உட்கார்ந்தவன் மெத்தையோடு உள்ளே விழுந்தான். "ஆஸ்பத்திரிச் சோறு கட்டிலையே உடைச்சிடுச்சு மச்சான்!" என்று அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது தரையில் படுக்கிறான்.

ஞாயிறன்று பலகையைத் தடவி, "நல்ல மரம்டா, எங்க புடிச்ச?" என்றான். "தக்காளிப் பெட்டி மச்சான்" என்றேன். முதுகைப் பிடித்துக்கொண்டே அதைத் தேவாலயம் போகும் வண்டிவரை தூக்கி வந்தான்.

நீ முடைந்த தடித்த பாய் ஒன்று அனுப்பு, அவனுக்கு. எனக்கு உன் புகைப்படம் போதும். என்னிடம் இருப்பது மடிந்து கிழிந்துவிட்டது.

இன்று மாலை அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். நான் நழுவிவிடக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன். பண்ணை வண்டி வந்துவிட்டது.

வைசாலே