குண்டு அச்சுக்கு மெருகு போடலாமா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம்தான். சுகம் என்று வாய்விட்டுச் சொல்லி எழுதும்போதே பக்கத்து அறையிலிருந்து உன் அப்பா இருமிக் காட்டுகிறார், அப்படி எழுதாதே என்று. அவருக்கு உடம்பில் ஒரு கேடும் இல்லை, மனசில்தான் குடைச்சல், அதுவும் ஒரு துண்டு இரும்பால். எல்லாம் நீ மூட்டிய தீ. புது அடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். நீ அடுப்பை விட்டுவிட்டு ஓரமாகக் கிடந்த கொட்டை உடைக்கிற இடுக்கியைப் பார்த்தாய். நீ படத்தைக் காட்டியதும் உன்னோடு வேலை செய்கிறவர், அது கொட்டை உடைப்பதற்கே இல்லை, அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குண்டு வார்த்த அச்சு, பழம்பொருள், பத்திரமாக வையுங்கள் என்று சொன்னாராம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ ஃபோனில் அதைச் சொன்னபோது உன் அத்தையும் இங்கே இருந்தார் என்பதுதான் வினை.

உனக்கே தெரியும், உன் தாத்தா காலத்திலிருந்து அதில்தான் பாதாம் கொட்டை உடைத்தோம். இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு கன்னம், கன்னத்துக்குள் ஆளுக்குப் பாதியாக ஒரு குழி. மூடிவிட்டு ஈயத்தை உருக்கி மேல் ஓட்டையில் ஊற்றினால் குண்டு விழுமாம். நம் பரம்பரையில் கரப்பான் பூச்சியை அடிக்கவே ஆள் கூப்பிடுவார்கள், இவர்களுக்குக் குண்டு அச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஆனால் உன் அப்பா அன்றிலிருந்து படைத் தளபதி மாதிரி நடக்கிறார். நடந்தால் பரவாயில்லை, அதற்கு மெருகு போட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். குழாய்த் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெருகு போட்டவர், ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் எந்த உலோகத்துக்கும் நிம்மதி இல்லை. குழாய், கொக்கி, தாழ்ப்பாள், என் கரண்டிகள் எல்லாம் பளபளவென்று கண்ணைக் குத்துகின்றன. வாசலில் இருந்த பித்தளை எண் பலகையைத் தேய்த்துத் தேய்த்து எண்ணே காணாமல் போய்விட்டது, இப்போது அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. அதனால் நீ அனுப்பிய பார்சல் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போய், அவர் மனைவி உன் கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் அத்தையோ நேர் எதிர். எதையும் தூக்கிப் போடமாட்டார், எதையும் துடைக்கவும் மாட்டார். பழசு என்றால் அதன் அழுக்கும் சேர்ந்துதான் பழசு என்பது அவர் கட்சி. அந்த அச்சின் கன்னத்தில் மங்கலாக ஏதோ எண் குத்தியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, வீட்டு நம்பரையே தேய்ச்சுத் தின்னவன் இதை விட்டுவைப்பானா, நீ இதுல கை வச்சேன்னா நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர் அவர். நீ போன பிறகு உன் அப்பா வாய்விட்டுச் சண்டை போடுவதும் சிரிப்பதும் அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவரும் வராவிட்டால் இந்த மனிதர் என்னையே மெருகு போட ஆரம்பித்துவிடுவார். அதனால் அச்சை நான் வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் மறுநாளே, பாவம், நீ உட்காரு, இன்னைக்கு நான் சமைக்கிறேன் என்றார். அன்று நாங்கள் சாப்பிட்டதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

போன ஞாயிறு இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு அச்சைக் கொண்டுவா என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கொண்டுவந்து நடுவில் வைத்தேன். கைப்பிடியருகில் இருந்த கருப்புக் கறையைக் காட்டி, சின்ன வயசுல நான் இதுல உன் விரலை நசுக்கினேனே, அந்த ரத்தம்டா இது, இதைப் போய் அழிக்கலாமா என்று அத்தை தழுதழுத்தார். உன் அப்பா அந்தத் தழும்பு விரலை நீட்டி, என் ரத்தம்தானே, நான் கழுவிக்கிறேன், உனக்கு என்ன வந்துச்சு என்றார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துரு சும்மா இருக்காதுக்கா, விட்டா உள்ளே போய்த் தின்னும், பொத்திப் பொத்தி வச்சு கடைசியில பொடியைத்தான் அள்ளுவே என்றார். அதற்குள் தையல்காரர் எட்டிப் பார்த்து, ரெண்டு கன்னம் இருக்கே, ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கிட்டா என்ன என்றார். பாதி மொட்டையடிச்ச தலை மாதிரியா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அவர் மேல் பாய்ந்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். உடனே அப்பா துணியில் மெருகுப் பசையைத் தடவினார், அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். இந்த வீட்டில எல்லாத்தையும் தேய்ச்சீங்களே, மகள் அறைக் கதவுக் கைப்பிடியை மட்டும் ஏன் தொடலை என்றேன். அவர் அது மட்டமான பித்தளை, மெருகு ஏறாது என்றார். அது மற்ற கதவுகளில் இருப்பதேதான் என்றேன். அப்புறம் அத்தையிடம் சொன்னேன், அண்ணி, நான் அந்த அறையைக் கூட்டப் போனா, கை படாம முழங்கையால அழுத்தித் திறன்னு சொல்றாரு, எனக்கு இத்தனை நாள் காரணம் புரியலை. அத்தை போய்ப் பார்த்தார். நீ பிடித்துப் பிடித்து இழுத்த இடம் ஒரு நிறமாகவும் மற்ற இடம் கறுத்தும் இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தார். உன் அப்பா பசைத் துணியை மடித்துக் கீழே வைத்தார். பிறகு அத்தை, துருவை மட்டும் எண்ணெய் தொட்டுத் துடைடா, நம்பரும் கறையும் இருக்கட்டும், உனக்குத்தான் கை பதம் தெரியும் என்றார். உன் அப்பா என் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து, அந்தத் தழும்பு விரலால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அத்தை பூதக்கண்ணாடியோடு தலைமேல் நின்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இப்போது அச்சு அலமாரியில் இருக்கிறது, கொட்டை உடைக்க எனக்கு ஒன்றும் இல்லை, வரும்போது நல்லதாக ஒன்று வாங்கி வா.

ஈரத்தலையோடு படுக்காதே. வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவின் இருமல் நடிப்புதான், கவலைப்படாதே, ஆனால் நீயே ஃபோன் செய்து விசாரித்தால் சீக்கிரம் நின்றுவிடும். பார்சல் அனுப்பினால் தையல்காரர் வீட்டுக்கு அடுத்த, எண் இல்லாத வீடு என்று எழுது. எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். லீவு கிடைத்ததும் வா. வந்தால் உன் அறைக் கதவை நீயே திற, கையைக் கழுவிவிட்டுத் திறக்காதே.

என்றும் உன்னையே நினைக்கும்,
அம்மா