தோரோஸ் தோற்ற முட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, ஷூஷான் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஈஸ்டரன்று விடுதியில் விடுப்பு. தெபெத் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பிளம் பூத்த சரிவு வழியாகப் பழைய தேவாலயத்துக்கு நடந்தேன். பின்னாலேயே ஒருவன் வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். பயப்படாதே, கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டேன். தேவாலய வாசலில், கையில் சாயமிட்ட ஈஸ்டர் முட்டையோடு அவன் கிட்டே வந்தான்.

"பேரு தோரோஸ். முட்டை மோதலாமாங்க?"

"இதுக்கா இவ்வளவு தூரம் பின்னாலயே வந்தீங்க?"

"தனியா மோத முடியாதுங்களே."

என் பையிலிருந்த ஈஸ்டர் முட்டையை எடுத்தேன், நுனியோடு நுனி மோதினோம். அவன் முட்டைதான் உடைந்தது. வழக்கப்படி ஜெயித்த என்னிடம் கொடுத்துவிட்டான். வெங்காயத்தோல் சிவப்பில், காம்பு மேலே பார்த்தபடி கொத்தமல்லி இலையின் அச்சு.

"யாரு சாயம் போட்டது?"

"எங்கம்மாங்க" என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

அம்மா, சாயத்தில் போடுமுன் முட்டைமேல் இலையை அப்படித் தலைகீழாக வைத்துக் கட்டுகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாப்பிள்ளையை அனுப்பி வைத்தாயா?

முட்டையை அங்கேயே தின்றுவிட்டேன். இலை அச்சு விழுந்த முட்டையோட்டைத்தான் எறிய மனம் வரவில்லை.

இங்கே இன்னும் குளிர்கிறது, கம்பளிக் காலுறை வேண்டும். அதையும் அவனிடம் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா. வழி தெரியாதென்றால் அவன் கூட்டி வரட்டும்.

விடுதியில் கூப்பிடுகிறார்கள்.

ஷூஷான்