முள்பூ வைத்த நாற்காலி

லட்லோ, கடைத்தெரு
அக்டோபர் 6, திங்கட்கிழமை

திருமதி ஐரிஸ் டிரான்டர் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன், கை எழுத மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டு விலாசம் தெரியாததால் விட்காட் மாளிகைக்கே அனுப்புகிறேன். உங்கள் பெயரைச் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் படித்தேன்.

என்னை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். போன வியாழக்கிழமை, நல்ல மழையில், பச்சைக் குடையோடு நீங்கள் காவல் இருக்கும் நூலக அறைக்கு வந்து தரைவிரிப்பு நனைய நின்ற கிழவி நான்தான். "குடையை இப்படிக் குடுங்கம்மா, நான் வச்சுக்கறேன். நீங்க நிதானமா பாருங்க" என்று சொன்னீர்கள். நீங்கள் கொஞ்சம் சிடுசிடுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

என் பெயர் மேவிஸ் பெடோஸ். கிளெமென்ட் பெடோஸின் மனைவி. ஆமாம், உயிரோடுதான் இருக்கிறேன். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில், கடையில் ஒருவருக்கு ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கிளெமென்ட் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஊர்க்கோடி மருத்துவமனையில் இரண்டாவது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். டாக்டர் சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை வந்தா அவரு தாங்க மாட்டாரும்மா. மாசக் கணக்கெல்லாம் வேண்டாம், வாரக் கணக்குல நினைச்சுக்குங்க" என்றாள்.

வியாழக்கிழமைகளில் இந்தத் தெரு முழுக்க மத்தியானமே கடையை மூடிவிடுவது வழக்கம். எங்கள் இரும்புக் கடையும் அப்படித்தான். அந்த அரை நாளில் கோட்டை, மாளிகை என்று சுற்றுவது அவருடைய பைத்தியம். ஆரம்பத்தில் நானும் கூடப் போனேன். எட்டு மைல் காரில் போய், யாரும் தொடாதபடி சுற்றிக் கயிறு கட்டின கட்டிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதில் எனக்கு என்ன கிடைக்கும்? முழங்கால் வலியைக் காரணம் காட்டி நின்றுவிட்டேன். "ஒரே ஒரு தடவை வாயேன் மேவிஸ், நல்லா இருக்கும்" என்று கொஞ்ச நாள் கேட்டார். "செத்த பிரபுவோட கட்டிலைப் பாக்கறதுக்கு என் கட்டில்லயே நான் படுத்துக்கறேன்" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் அதை ஒரு வெற்றியாக நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுவார். "இன்னிக்கு க்ளன் கோட்டைக்குப் போனேன். மேல நின்னா காத்து ஆளையே தூக்கிட்டுப் போகுது" என்பார். "தூக்கிட்டுப் போனா எனக்கு ஒரு தட்டுக் கழுவற வேலை மிச்சம்" என்பேன் நான். சிரிப்போம். சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று போன மாதம்வரை யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

மருத்துவமனையில் அவருக்குத் திரும்பி வந்தது நாலே வார்த்தை. கட்டில் பக்கத்தில் இருக்கும் நாற்காலியை இடது கையால் காட்டி, "முள்ளை எடு. உட்காரு, உட்காரு" என்கிறார். "முள்ளெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று உட்கார்ந்து காட்டினேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே, என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்து, அதையே மறுபடி சொல்கிறார். நான் கஞ்சி ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூளை கலங்கினா அப்படித்தாம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

சுற்றின இடத்துப் படம் ஏதாவது கொண்டுபோய்க் காட்டலாம் என்று காரில் தேடினேன். நுழைவுச் சீட்டுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் விட்காட். வியாழன், வியாழன், வியாழன், மூன்று வருஷமாக ஒரே விட்காட். க்ளன் கோட்டைக் காற்று ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது, பென்சில் கோடு போட்டு. மனிதர் வண்டியில் உட்கார்ந்து எனக்காகப் பாடம் படித்திருக்கிறார்.

அதனால்தான் உங்கள் அறைக்கு வந்தேன். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பழைய நாற்காலியிலும் ஒரு காய்ந்த முள்பூவை வைத்திருந்தீர்கள். அவர் எடுக்கச் சொல்லும் முள் இதுதான் என்று புரிந்தது. நான் சும்மா கேட்பது போல, "இதுல யாருமே உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஒருத்தருக்கு மட்டும், நாலு மணிக்கு எல்லாரும் போனப்புறம், அந்த ஜன்னலோர நாற்காலியில முள்ளை எடுத்துடுவேன். நான் ஜன்னல் எல்லாம் சாத்தி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு. கிளெம்னு பேரு. பாவம், பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சாம். தன் கையால சாண்ட்விச் பண்ணிட்டு வருவாரு, வாசப்படியில உட்கார்ந்து ஆளுக்கு ஒண்ணு சாப்பிடுவோம். ஊறுகாய் கொஞ்சம் தூக்கல், ஆனா ருசியா இருக்கும். அஞ்சு வாரமா ஆளையே காணோம். எங்க போய் விசாரிக்கறதுன்னு தெரியலை."

செத்துப் பத்து வருஷமான நான் உங்கள் எதிரில் நின்று தலையாட்டினேன். அந்தச் சாண்ட்விச் நான் செய்தது, ஐரிஸ். "நடந்தா பசிக்குது, இன்னொண்ணு வையேன்" என்று அவர் கேட்ட நாளிலிருந்து இரண்டு வைத்தேன். ஊறுகாயும் நான் போட்டதுதான். மூன்று வருஷமாக நான் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் உண்டு. உங்களிடமும் அவர் பொய்தான் சொல்லியிருக்கிறார் என்பது புரியாமல் இல்லை. உங்களுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்க மாட்டேன். இருந்திருந்தால் பாத்திரத்தை உடைத்துச் சண்டை போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். ஒரு நாற்காலிக்கும் ஒரு சாண்ட்விச்சுக்கும் நான் எப்படிச் சண்டை போடுவது? அதற்காக என்னைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலியோரம் நின்ற ஒரு முள்பூவை வெட்டிக்கொண்டுபோய் மருத்துவமனையில் அவர் கட்டில் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். பார்த்ததும் அவர் சிரித்தார். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. இடது கையை நீட்டி அதை எடுக்கப் பார்த்தார், எட்டவில்லை. பிறகு அறை முழுக்கத் தேடினார். என் முகத்துக்கு வந்ததும் சிரிப்பு அணைந்துவிட்டது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அதற்கு மேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வியாழக்கிழமை மட்டும் நூலகத்தை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நான்கு. நான் அங்கே இருக்க மாட்டேன், கடையில் இருப்பேன், அரை நாள் விடுமுறையானாலும். முள்பூ நாற்காலியிலேயே இருக்கிறது. நீங்கள் எடுத்துவிட்டு உட்காருங்கள். கஞ்சியை ஆறவைத்து ஊட்டுங்கள், சூடு அவருக்கு ஆகாது. மேசையில் ஒரு பொட்டலம் இருக்கும், உங்களுக்குத்தான். ஊறுகாயைக் குறைத்திருக்கிறேன்.

அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், திட்டாதீர்கள். அது என் பாத்தியதை. கிளம்பும்போது மட்டும் அவர் காதருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மேவிஸ் சாகவில்லை, உயிரோடு இருக்கிறாள் என்று. நான் தினமும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார்.

கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மேவிஸ் பெடோஸ்