லிஸ்பன் வீட்டுக்கு இன்டர்நெட்

செம்மண்டலம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு, நஜியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் மகள் ஹாஜிராவும் சுகம். மாமிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. தொழுகைக்கு நாற்காலி கேட்பதில்லை. போனில் பேசினால் பாதியில் உங்கள் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான், லீவு முடிந்து லிஸ்பன் திரும்பும் காசிமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வருகிற வியாழக்கிழமை, உங்களுக்கு ஓட்டலில் லீவு நாள். காலை பத்து மணிக்கு ஒருவர் இன்டர்நெட் லைன் இழுக்க உங்கள் வீட்டுக்கு வருவார். திகைக்காதீர்கள். ஏற்பாடு செய்தது நான்தான்.

போன மாதம் அங்கே ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கடையில், அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போய், பயந்து திரும்பியதைச் சொன்னீர்கள். கூடவே, "நானே வாயத் தெறக்க முடியாம நிக்கிறேன், நீ வந்து என்னா பண்ணப் போற?" என்றும் கேட்டீர்கள். கோபத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்தேன். சிதம்பரம் கீழவீதிக் கடையில் ஆறு வருஷமாக இன்டர்நெட் கனெக்‌ஷன் விற்பவள் நான். வேகம் எவ்வளவு, டேட்டா அளவு முடிந்தால் வேகம் குறையுமா, நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டா? எந்த ஊரிலும் இதைத்தானே கேட்பார்கள்! இந்தக் கேள்விகளை மட்டும் போர்ச்சுகீசில் படித்தால் போதும் என்று தோன்றியது.

பஸ்தான் என் பள்ளிக்கூடம். காதில் ஹெட்போன், வாயில் முணுமுணுப்பு. ஆலப்பாக்கம் வருவதற்குள் 'குவால் ஏ அ வெலுசிதாத்' பத்து தடவை. வேகம் எவ்வளவு என்று அர்த்தம். பக்கத்து சீட்டு அம்மா, "யாருகூடம்மா சண்ட போடுற?" என்று கேட்டார். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முட்லூரில் பஸ் நின்றபோது ஒரு நாள் சிரித்துவிட்டேன். உங்கள் பரங்கிப்பேட்டை வீட்டுப் பத்திரத்தில் ஊரின் பழைய பெயர் போர்ட்டோ நோவோ என்று இருக்கிறதே, 'நோவோ' என்றால் புதுசாம். நம் ஊர்ப் பெயரே அந்தப் பாஷைதான், மச்சான்!

நேற்று மதியம் கடையிலிருந்தே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே காலை நேரம். நான் பதற்றத்தில் இரவு வணக்கம் சொல்லிவிட்டேன். எடுத்தவர் மழை மாதிரிக் கொட்டினார். ஒன்றும் புரியவில்லை. வைத்துவிடலாமா என்று இருந்தது. நீங்கள் அந்தக் கடையில் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. 'மைஷ் டவகார், பூர் ஃபவோர்', கொஞ்சம் மெதுவாக, என்றேன். மனிதர் நிதானமானார். அதற்குப் பிறகு என் கேள்விகள்தான். இங்கிலீஷில் பேசலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இரண்டு வருஷத் திட்டத்தையே திரும்பத் திரும்ப நீட்டினார். 'சைங் ஃபிடெலிஸாசௌங்' என்று மூன்று தடவை சொன்னேன். இத்தனை வருஷம் என்ற கட்டாயம் இல்லாதது வேண்டும் என்று பொருள். கடைசியில் இறங்கி வந்தார். நிறுத்த நினைத்தால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும், அபராதம் கிடையாது.

எந்த நாடு என்று விசாரித்தார். இந்தியா என்றேன். நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார், அவர் பாஷையில்! கடைக்கார ராமாமிர்தம் அண்ணன், "ஏ நஜியா, போர்ச்சுகல்காரனையே மடக்கிட்டியே!" என்று கத்த, சிம் வாங்க நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கும் ஹாஜிராவுக்கும் விசா எடுக்க நீங்கள் அனுப்பிய காகிதங்களில் இருந்த முகவரியைத்தான் கொடுத்தேன். வருபவரிடம் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம். தைரியமாகப் போடுங்கள், ஒவ்வொரு வரியும் நான் கேட்டு வாங்கியது.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் நிம்மதியையும் தரட்டும். இன்னும் ஒன்று. எந்தத் திட்டம் சரிப்படும் என்று பார்க்க, வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள், மச்சான்.

உங்கள்
நஜியா