கறுப்பு அடித்த பிரேக் பைப்

கோபம் வந்தாலும் நேராக என் பட்டறைக்கே வந்து உட்காரும் மாப்பிள்ளை சவரிக்கு,

உன் பிளஷர் காரை இன்று சரிசெய்து முடித்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மூன்று மாதம் வெயில் காய்ந்துவிட்டு வந்தது. முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினேன். பிரேக் பைப் மொத்தமும் புதிது, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஸ்டெல்லா வண்டியை விற்கப்போகிறாள். என் தங்கை வேறென்ன செய்வாள், சொல்?

ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? சுங்குவார்சத்திரம் ரோட்டில், பட்டப்பகலில், ஸ்டீயரிங்கிலேயே நீ தூங்கிவிட்டாயாம். "ரோட்டுல ஒரு டயர் கோடுகூட இல்ல. பிரேக்கே புடிக்காம நேரா போய் புளியமரத்துல வுட்டுக்கினான்" என்று டீக்கடையில் ஆளாளுக்கு நீதிபதி. ஸ்டெல்லாவும் நம்பிவிட்டாள். கல்லறைத் திருநாளுக்கு உனக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை. "பெத்த பொண்ண நெனச்சிருந்தா கண்ணு அசந்திருக்குமா?" என்றாள்.

வண்டிக்கு அடியில் படுத்தவனுக்குத்தான் தெரியும். பின்சக்கரத்துப் பக்கம் பைப் வெடித்திருந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், உனக்குத் தெரியாததா? அந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் தோலாய் உரிந்து, உள்ளே பைப் பொறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அழுத்தி மிதிக்காமல் பைப் வெடிக்காது, மாப்பிள்ளை. நீ மிதித்திருக்கிறாய். இருக்கிற பலத்தையெல்லாம் காலில் கொண்டுவந்து மிதித்திருக்கிறாய். ஓரிடத்தில் ஆயில் போய்விட்டால் நாலு சக்கரமும் நிற்காது. ரோட்டில் கோடு எங்கிருந்து விழும்?

அந்தப் பெயிண்டை அடித்தவன் நான். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கும் நாளுக்கு முன்னால் எல்லாரும் டாக்சிக்கு அடியில் கறுப்பு அடிப்பார்களே, அது மாதிரிதான் அடித்தேன். "மச்சான், பைப்பு துருப்புடிச்சி கீதே, மாத்திடலாமா?" என்று நீ கேட்கத்தான் கேட்டாய். "எஃப்.சி. முடியட்டும் மாப்ளே, மெட்ராஸ் போய் பைப்பு வாங்கியாறேன்" என்றேன். எஃப்.சி. முடிந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பார்த்து, பூசிய எனக்கே துரு மறந்துபோனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். துருவை மறைக்க ஒரு பிரஷ் போதும்.

இன்று பைப்பிலிருந்து ஏர் எடுக்கும்போது பெடலை மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவை உன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் அடியில் படுத்தேன். "மிதி. புடிச்சிக்கோ. வுடு." அவள் முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெடல் அசையவில்லை.

"அண்ணா, இத வெளிய சொல்லாத" என்றாள். "பழி அவரு மேலயே இருக்கட்டும். செத்தவர இனிமே இன்னா பண்ணிடுவாங்க? உன்னயும் புடிச்சிகினு போயிட்டா எனக்கும் கொழந்திக்கும் யாரு கீறாங்க?"

அப்புறம், "மிதிக்கட்டா?" என்றாள்.

மிதி என்றேன், மாப்பிள்ளை. பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. நல்ல பிரேக். யாருக்கு என்ன பிரயோஜனம்?

உன் ரோஸிக்கு மூன்று வயது. அவளும் டீக்கடைக் கதையைக் கேட்டுத்தான் வளரப்போகிறாள். தடுக்க எனக்கு வக்கில்லை. ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். விவரம் தெரிந்து அவள் கேட்கும் நாளில், "உங்கப்பா தூங்கல கண்ணு, பிரேக்க மிதிச்சாரு" என்று சொல்வேன். பைப்பைப் பூசியது யார் என்றும் சொல்வேன். நாக்கு எழவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

அதுவரைக்கும் அவளுக்குத் தாய்மாமன்,
யாக்கோபு