கரண்ட் பெட்டியில் என் கடை

மார்ச் 4, செவ்வாய்
கடைக்கு எதிரே இருக்கும் கரண்ட் பெட்டிக்கு இன்று வெள்ளை அடித்தார்கள். ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் படம் வரையப் போகிறார்களாம். எங்கள் பெட்டியில் எங்கள் தெருவையே வரையப் போகிறாள் ஓவியக்காரப் பெண். பெயின்ட் முழுக்க இலவசமாகத் தருகிறவர் பக்கத்துப் பெயின்ட் கடை அண்ணன். கை துடைக்க ஒரு பழைய துணி கேட்டால்கூட யோசித்துத் தருகிற மனுஷன். எங்கேயோ இடிக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒருத்தர் நல்லது பண்ணாக்கூட உனக்குப் பொறுக்காதா?" என்றார்.

மார்ச் 6, வியாழன்
அண்ணன் அந்தப் பெண்ணுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தினாரா, பேச்சே முடிந்துவிட்டதா? நிறுத்தினார்தான்.

மார்ச் 8, சனி
என் கடையைக் காணோம்.

படத்தில் மருந்துக்கடை இருக்கிறது. சலூன் இருக்கிறது, அதன் வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்கூட இருக்கிறது. பெயின்ட் கடை, அதை ஒட்டித் தையல் கடை. நடுவில் இருக்க வேண்டிய என் மூக்குக் கண்ணாடிக் கடை எங்கே?

முதல் நாள் ஏணியை என் வாசலில் சாய்த்ததற்கு அவளைத் திட்டியிருந்தேன். அதற்குத்தான் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். கடை அடைக்கும்போது கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயின்ட் கடையின் மஞ்சள் போர்டு இரண்டு ஷட்டருக்கு மேல் நீளமாக ஓடுகிறது. அதில் ஒரு ஷட்டர் என்னுடையது.

மார்ச் 10, திங்கள்
அவளிடமே கேட்டுவிட்டேன். "அக்கா, அவர் குடுத்த படத்தப் பாத்துத்தான் வரைஞ்சேன். உங்க கடை எங்கன்னு நானும் கேட்டேன். அந்தம்மா காலி பண்றாங்கன்னு சொன்னாரு."

நானா? காலி பண்றேனா?

போனைக் காட்டினாள். அண்ணன் தன் கடையைப் பெரிதாக்க இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த படம். தெரு பளபளவென்று இருக்கிறது, என் கடை இருக்கும் இடத்தில் அவருடைய கடை. தெரு முழுக்கத் தெரிகிற படம் அவரிடம் அது ஒன்றுதான் இருந்ததாம். அதையே தூக்கிக் கொடுத்துவிட்டார், மகா புத்திசாலி.

நேரே அவரிடம் போனேன். "வெறும் படம்தானேம்மா. பெட்டியில இடம் பத்தல," என்று சிரித்தார். நாய்க்கு மட்டும் இடம் இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றுகிறது.

மார்ச் 11, செவ்வாய்
கடையைத் திறக்காமல் கட்டட ஓனரம்மா வீட்டுக்குப் போனேன்.

"வீட்டோட கடைய வச்சுக்கப் போறேன்னு சொன்னியாமே, பெயின்ட் கடைக்காரர் சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எனக்கும் வருத்தம்தான். அடுத்த மாசத்துலேருந்து அவருக்குத் தர்றதா ஒத்துக்கிட்டேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. அந்தக் கடைய விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல." அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அழுதுவிட்டேன்.

ஓனரம்மா என் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டார். "அவங்க இங்கதான் இருக்காங்க. போனக் குடுக்கட்டுமா?" என்றார். லைன் கட்டாகிவிட்டது. ஓனரம்மா போனைக் கீழே வைத்தார்.

"போய்க் கடையத் திற. உன்ன யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

மார்ச் 12, புதன்
நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. சந்தோஷமாக இல்லை. மழைத் தண்ணீர் கடைக்குள் புகுந்த அன்று, என் கண்ணாடிகளைத் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கடையில் பத்திரமாக வைத்தவர் அவர். அண்ணே, அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டேனே.

இல்லை, உள்ளே வந்த அன்றைக்கே என் கடை எவ்வளவு அகலம் என்று கண்ணால் அளந்திருப்பாரோ? சீ, அப்படி இருக்காது. இருக்காதா? இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

மார்ச் 13, வியாழன்
வீட்டுக்காரர் இன்று என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பெட்டி முன்னால் போய், என் கடை இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார்.

மார்ச் 17, திங்கள்
ஓவியக்காரப் பெண் தன் சொந்தப் பெயின்ட்டோடு வந்தாள். மஞ்சள் போர்டைப் பாதியோடு அழித்து என் கடைக்கு இடம் பண்ணினாள். பெயின்ட் கடைக்காரர் வெளியே வரவே இல்லை.

"அக்கா, ஷட்டர் தொறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

"தொறந்திருக்கட்டும். உள்ள ஆளும் இருக்கணும்மா. இல்லேன்னா காலியாக் கெடக்குன்னு சொல்லிடுவாங்க."

அவள் வரைந்து முடிக்கும்வரை நான் சாப்பிடக்கூடக் கடையை விட்டு நகரவில்லை.